முன்பாய்க்கு நைலோன் கயிறு

எனக்கு ஐமிச்சம் பிறவிக் குணம். சந்தேகம் என்று சொன்னால் ஏதோ படித்தவர்களின் வியாதி போலக் கேட்கும். எங்கள் பக்கத்தில் ஐமிச்சம் என்போம். பால்காரி செம்பை வைத்துவிட்டுச் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறாள் என்று நினைப்பேன். சிரிக்காமல் போனால் நிறையக் கலந்திருக்கிறாள் என்று நினைப்பேன். மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எங்கள் வள்ளத்தின் முன்பாய்க்குக் கயிறு மாற்றிய விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். பூநகரிக் கரையில் இருந்தோம். நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், கடல்நீரேரியில் பாய்வள்ளம் ஓட்டினோம். எங்கள் கரையிலிருந்து நெல்லும் விறகும் ஏற்றி யாழ்ப்பாணப் பக்கம் போவோம். அந்தக் கரையிலிருந்து மண்ணெண்ணெய், சீமெந்து, சட்டி பானை, சில நேரம் ஒரு கலியாணப் பகுதியையே ஏற்றிக்கொண்டு திரும்புவோம்.

எங்களுடையது இரட்டை வள்ளம். ஒடுக்கமான இரண்டு வள்ளங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே மூன்று மரங்கள் போட்டுக் கட்டி, மேலே பலகை அடித்தது. முழங்கால் அளவு தண்ணீர் இருந்தாலும் மிதக்கும். செய்வித்தவர் என் மாமனார். மகளை எனக்குக் கட்டித் தந்தபோது சீதன உறுதிப் பத்திரத்தில் ஒரு மேட்டுக் காணியையும் இரண்டு பசுவையும் எழுதிய பிறகு, "இடப்பக்க வள்ளம்" என்றும் எழுதுவித்தார். வலப்பக்க வள்ளம் மகனுக்கு. நொத்தாரிசு பேனையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஐயா, கலியாணம் பிழைச்சால் நடுவால அரியிறதோ?" என்று கேட்டாராம். மாமனார் சிரிக்கவில்லை. அவருக்கு அது முழு நியாயமாகவே பட்டிருக்கிறது.

ஆகவே இடப்பக்கத்துக்கு நான் தார் பூசுவேன், வலப்பக்கத்துக்கு அவர் பூசுவார். என் பக்கம் ஒழுகினால் நான் அடைப்பேன், அவர் பக்கம் ஒழுகினால் அவர். பாய்மரம் மட்டும் நடுவில் நின்றது. அது இரண்டு பேருக்கும் பொது.

வேலையும் அப்படித்தான் பிரிந்திருந்தது. அவர் பின்னால் இருந்து சுக்கானும் பெரிய பாயும் பார்ப்பார். நான் முன்மரத்தில், அதாவது முன் குறுக்குமரத்தில், இருந்து முன்பாயைப் பார்ப்பேன். முன்பாய் என்பது பாய்மரத்துக்கு முன்னால் நிற்கும் சின்ன முக்கோணப் பாய். பாய்மரத்தின் மேலிருந்து முன்மரத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அந்த முன்கயிற்றில் பாயின் ஓரம் வளையம் வளையமாகக் கோத்திருக்கும். பாயின் கீழ் மூலையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக வருகிற இரண்டு கயிறுகளைத் தாமான் என்போம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றை எதிர்த்து வீட்டுக்குத் திரும்பும்போது வளைந்து வளைந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் தாமானை அவிழ்த்து, பாயை மறுபக்கம் தள்ளி, திரும்பவும் இழுத்துக் கட்டவேண்டும். அதுதான் என் தொழில். பன்னிரண்டு வருடம் அந்த ஒரு தொழிலைத்தான் செய்தேன். வேறு எதுவும் தெரியாது. மேட்டுக் காணியில் ஈச்சம் பற்றையைத் தவிர ஒன்றும் முளைக்காது.

இந்த நிலையில்தான் மச்சான் ஒருநாள் அந்தக் கரையில் என்னை மூட்டைக்குக் காவல் வைத்துவிட்டு எங்கேயோ போய், சாக்கில் சுற்றிய ஒரு பொதியோடு வந்தார். என்னவென்று சொல்லவில்லை. தன் காலடியில் வைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். வழி முழுக்க என் முதுகு அரித்தது. கரை தட்டியதும் நானே கேட்டுவிட்டேன்.

"உதென்ன மச்சான், பொதி?"

"கயிறு."

"என்ன கயிறு? எங்களிட்டைக் கயிறு கிடக்குதே."

அவிழ்த்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, கையில் வழுக்கிக்கொண்டு போகிற கயிறு. நைலோன். வலைக்காரர்கள் அப்போதுதான் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குள்ளே நாலு மரக் கப்பி, புதிது, எண்ணெய் மணம் போகாதது.

"கப்பி என்னத்துக்கு?"

"தாமான் ரெண்டையும் கப்பிக்குள்ளால கொண்டு வந்து பின்னுக்கு எடுக்கப் போறன். சுக்கானில இருந்துகொண்டே முன்பாயை இழுக்கலாம். முன்கயிறும் மாத்தவேணும், தும்புக்கயிறு உளுத்துப் போச்சு. மாத்தினா ஒரு ஆளே ஓட்டலாம், மச்சான்."

"மற்ற ஆள் எங்கை போறான்?"

அவர் கப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் போறது? ஒருத்தரும் போகேல்லை," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பொதியைக் கட்டினார். அந்தப் பார்க்காத பார்வை இருக்கிறதே, அது எனக்குப் போதும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்ரை கொண்ணர் என்னை வள்ளத்தால இறக்கப் பாக்கிறார்."

"கோதாரி! ஏன் உங்களுக்கு இப்பிடிப் புத்தி போகுது? கயிறு புதுசா வாங்கினா நல்லதுதானே."

"ஒரு ஆளே ஓட்டலாமாம். நாங்கள் ரெண்டு பேர். கணக்குப் பார் நீயே."

"என்ரை அண்ணனைப் பற்றி என்னட்டையே வந்து கதைக்கிறியளே, வெக்கமில்லையோ? போய்க் கால் கழுவிப்போட்டு வாங்கோ."

கால் கழுவினேன். ஐமிச்சம் கழுவுப்படவில்லை. அன்றிலிருந்து மச்சானைக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். பார்க்கத் தொடங்கினால் ஒவ்வொன்றாக அகப்படும். ஒருநாள் நான் கரைக்குப் போக, அவர் தனியே வள்ளத்தில் இருந்து சுக்கானுக்கும் முன்மரத்துக்கும் இடையில் ஒரு நூலைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நூலைச் சுருட்டி மடியில் செருகினார். அதே மாதம் இரண்டு தரம் வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனார். வள்ளக்காரனுக்குக் கிளிநொச்சியில் என்ன வேலை? அங்கே இருப்பது வாய்க்காலும் வயலும் அரசாங்கக் கந்தோரும். கேட்டால், "சும்மா, தெரிஞ்ச ஒரு ஆளைப் பாக்க" என்றார். வேட்டி கட்டிக்கொண்டு சும்மா போகிற மனிதரை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அவருடைய மனைவியும் மாறிப்போயிருந்தா. முன்பெல்லாம் வேலியில் நின்று அரைமணித்தியாலம் கதைக்கிறவ, இப்போது என் தலை தெரிந்தால் "அடுப்பில வைச்சிட்டு வந்தனான்" என்று உள்ளே போனா. எந்த நேரமும் அடுப்பில் என்னதான் வைக்கிறாவோ.

எனக்கு வெளிச்சமாகிவிட்டது. கிளிநொச்சியில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தையோ யாரையோ பிடித்து, இடப்பக்க வள்ளம் எனக்கு உரித்தில்லை என்று எழுதப் போகிறார். அதற்கு முதல், நான் இல்லாமலே வள்ளம் ஓடும் என்று ஊருக்குக் காட்டவேண்டும். அதற்குத்தான் கப்பி, அதற்குத்தான் கயிறு. முப்பத்தைந்து வயதில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு யாருடைய வயலில் போய்க் கூலிக்கு நிற்பேன்?

இரண்டு நாள் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்து வேலை செய்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தேன். பழைய தேங்காய்த் தும்புக்கயிற்றை இறக்கினோம். இடையில் மூன்று இடம் உளுத்து, விரலால் பிய்க்க வந்தது. அது உண்மைதான் என்று ஒத்துக்கொள்ளக்கூட எனக்கு மனமில்லை. பாய்மரத்தின் மேலே இரும்பு வளையம் போட்டார். தாமான்களுக்கு முன்மரத்தின் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு கப்பி, நடுமரத்தில் ஒவ்வொரு கப்பி. கயிறு அதற்குள்ளால் ஓடிச் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கே கயிறு சுற்றிவைக்க ஒரு கட்டையும் அடித்தார். அவர் சுக்கானை முழங்கையால் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தாமானை இழுத்துப் பார்த்தார். முன்பாய் சொன்ன சொல் கேட்டு வந்தது. நான் பன்னிரண்டு வருடம் உடம்பை வளைத்துச் செய்த வேலையை அவர் குந்தியிருந்து ஒரு கையால் செய்தார்.

"எப்பிடி?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டறியாத புதினம்," என்றேன்.

கடைசியாக முன்கயிறு. "உன்ரை முடிச்சுத்தான் நிக்கும். நீயே கட்டு," என்றார். நான் கட்டினேன். எல்லாரும் கட்டுகிற முறையில்தான் கட்டினேன். தும்புக்கயிறு தண்ணீர் பட்டால் சுருங்கி இறுகும். காய்ந்த கயிற்றை விண்ணென்று கட்டிவிட்டால், நனைந்தவுடன் மரத்தையே வெடிக்கப் பண்ணிவிடும். அதனால் கட்டும்போது நாலு விரல் தளர்வு விட்டுத்தான் கட்டுவோம். கடலில் இறங்கிக் கால்மணித்தியாலத்தில் கயிறு தானே இறுகி நேரே வந்துவிடும். எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். நானும் நாலு விரல் விட்டேன். மச்சான் வந்து கயிற்றை அசைத்துப் பார்த்தார். "கணக்கா இருக்கு," என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் ஓட்டம். நான் கரைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். முன்மரத்தில், சரியாக என் முடிச்சு இருந்த இடத்தில், குனிந்து இருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு எழும்பிக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"என்ன மச்சான் செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. ஏறு, காத்து வந்திட்டுது."

போகும்போது காற்று பின்பக்கம், விறகு ஏற்றியிருந்தோம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் எல்லாம். சோளகம் எதிரே வீசியது. அவர் பின்னால் இருந்து சுக்கானும் பெரிய பாயும் முன்பாயும் தனியே பார்த்தார். நான் வழக்கமான இடத்தில், முன்மரத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கலியாண வீட்டுக்கு வந்த ஆளைப் போல. முதல் வளைவில் என் கை தன்பாட்டில் தாமானைத் தேடிப் போனது. தாமான் அங்கே இல்லை. ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களோ தெரியாது.

நடுநீரேரிக்கு வந்தபோது முன்பாய் வயிறு தள்ளத் தொடங்கியது. வள்ளம் காற்றுக்கு முகம் கொடுக்கவில்லை, பக்கமாக அள்ளுப்பட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். முன்கயிறு தொங்கியது. நாலு விரல் இல்லை, ஒரு முழம். ஒவ்வொரு அலைக்கும் பாய்மரம் பின்னுக்குச் சாய்ந்து திரும்பவும் முன்னுக்கு வந்து இடித்தது. மரத்தின் அடியில் இறுக்கியிருந்த ஆப்பு ஒன்று தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

"பிடியடா! முன்கயிறைப் பிடி!" என்று மச்சான் கத்தினார்.

பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். நைலோன் கையை வாரிக்கொண்டு போனது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாயை இறக்கி, ஆப்பை வேறு வைத்து, தடியால் ஊன்றி ஊன்றிக் கரைக்கு வந்துசேர மத்தியானமாகிவிட்டது. கரையில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்னெண்டு கட்டினனீ?"

என்னெண்டு கட்டினேனோ! பன்னிரண்டு வருடம் கட்டிய மாதிரித்தான் கட்டினேன். அதிகாலையில் முடிச்சில் கை வைத்தது யார்? கையைச் சாரத்தில் துடைத்தது யார்? இதையெல்லாம் கேட்காமல் வீட்டுக்கு நடந்தேன். ஐமிச்சக்காரனுக்கு அதுதான் சுகம், கண்டுபிடித்ததை உள்ளே வைத்திருப்பது.

மனைவி என் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே கேட்டாள்: "அண்ணன் அவிழ்த்துவிட்டாரோ? மரம் விழுந்திருந்தா ஆரின்ரை தலையில விழுந்திருக்கும்? பின்னால இருந்த அவரின்ரை தலையிலதானே?"

"அதுதான் தந்திரம்," என்றேன்.

அவள் எண்ணெய்ச் சிரட்டையை நிலத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றே மதித்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

அடுத்த நாள் காலை விதானையார் வீட்டுக்குப் போனேன். ஊரில் காணி, பிறப்பு, இறப்பு, சண்டை எல்லாவற்றையும் எழுதுகிறவர் அவர். வாங்கில் இருத்தி, என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஐயா, எங்கடை வள்ளம் பாதி என்ரை பெண்சாதியின்ரை, பாதி அவளின்ரை அண்ணன்ரை. இதை நீங்கள் எழுதி வைக்கவேணும்."

"உறுதி இருக்குதே, பிறகென்ன?"

"உறுதி கிடக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டுறம், இனியும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டுவம் எண்டு எழுதுங்கோ. நாளைக்கு ஒருத்தர் ஒருத்தரை இறக்கக் கூடாது."

விதானையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அப்ப கொத்தானுக்கு இதுதான் நிரந்தரத் தொழில்?" என்று கேட்டார். பெண்சாதியின் அண்ணன் எனக்கு மச்சான். என் பிள்ளைகளுக்கு மாமன். கொத்தான், அதாவது உன் அத்தான், என்று அவர் முறை மாற்றிச் சொன்னதைத் திருத்தக்கூட எனக்குப் பொறுமையில்லை.

"ஓம் ஐயா. நிரந்தரம்."

"வருசம் முழுக்க ஓடுதோ?"

"முழுக்க ஓடுது. அவர் வள்ளத்தை விட்டு வேறை தொழிலுக்குப் போகமாட்டார். அப்பிடியே எழுதுங்கோ."

ஏன் இவ்வளவு கேட்கிறார் என்று எனக்கு ஐமிச்சம் வரவில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் வந்த ஐமிச்சம், வரவேண்டிய அந்த ஒரு இடத்தில் வரவில்லை. அவர் எழுதி முடிக்க, உரிந்த கையால் பேனையைப் பிடித்துக் கையெழுத்து வைத்தேன். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன்.

அடுத்த கிழமை முன்பாய் ஏற்றாமல் அந்தக் கரைக்கு ஓடியபோது, கயிறு விற்கிறவரின் கடைக்கு நானே போனேன். கயிற்றில் பிழை என்றால் மச்சானின் பிழை என்று நிறுவ வேண்டும் எனக்கு. நடந்ததைச் சொன்னேன். அவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், பொறுமையானவர்.

"எவ்வளவு தளர்வு விட்டனீங்கள்?"

"நாலு விரல். எல்லாரும் விடுறதுதானே."

"அட, என்ரை தம்பி! இது தும்பில்லை. நைலோன் நனைஞ்சால் சுருங்காது. பாரம் விழுந்தால் இழுபட்டு நீளும். இதை முதலிலேயே விண் கட்டாக் கட்டி, ஒருநாள் ஓடி, திரும்பவும் இழுத்துக் கட்டவேணும். உங்கடை கரையில வாங்கின எல்லாரும் இப்பிடித்தான் தளர்வு விட்டுப்போட்டு வந்து என்னோடை சண்டை பிடிக்கினம்."

என் முடிச்சு. என் நாலு விரல். அன்றைக்கே வள்ளத்துக்கு வந்து முன்கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சின் இடுக்கில் திருநீறு இருந்தது. பிள்ளையார் கோயில் திருநீறு, உப்புத்தண்ணீரிலும் முழுதாகக் கரையாமல். அதிகாலையில் குனிந்து அவர் செய்த வேலை அதுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. காலை முன்மரத்தில் உதைத்துக் கயிற்றை விண் கட்டாகக் கட்டினேன். இரண்டு ஓட்டம் ஓடிவந்து திரும்பவும் இறுக்கினேன். பிறகு அது ஒரு விரல்கூட இளகவில்லை. வள்ளம் அதற்கு முன் ஒருநாளும் காற்றுக்கு அப்படி முகம் கொடுத்ததில்லை.

விதானையாரிடம் போய், எழுதியதை வெட்டுங்கள் என்று சொல்லலாம் என்றும் நினைத்தேன். என்ன இருக்கிறது அதில், உள்ளதைத்தானே சொன்னேன், கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கமும் ஒரு காரணம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மச்சானின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தா. வேலியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்து, சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா.

"என்ன மச்சாள், என்ன நடந்தது?" என்று என் மனைவி பதறினாள்.

"அரசாங்கம் குடுக்கிற காணி கைவிட்டுப் போட்டுது. விசுவமடுப் பக்கம் குளத்துக்குக் கீழ மூண்டு ஏக்கர். முதல் பட்டியலில இவரின்ரை பேர் இருந்தது. நேற்றுக் கிளிநொச்சியில காணிக் கச்சேரி, காணி குடுக்கிற விசாரணை. கூப்பிட்டு விசாரிச்சவை, உமக்கு நிரந்தரத் தொழில் இருக்குதெண்டு எழுத்தில கிடக்கு, தொழில் இல்லாத ஆக்களுக்குத்தான் காணி எண்டு பேரை வெட்டிப் போட்டினம்."

"காணிக்கு எழுதினதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். போன முறை ஊரெல்லாம் சொல்லி, நாவூறு பட்டுத்தானே கை தவறினது. காணிப் பெமிற் கைக்கு வரும் மட்டும் வாய் திறக்கக்கூடாது எண்டு கோயில்ல சத்தியம் வாங்கினனான். காணி கிடைச்சதும் வலப்பக்க வள்ளத்தையும் உனக்கே எழுதித் தாறதெண்டு இருந்தவர். இங்கை மாப்பிள்ளை தனியக் கஷ்டப்படப் போறான், ஒரு ஆள் ஓட்டுற மாதிரி மாத்திக் குடுத்திட்டுத்தான் போவன் எண்டு எவ்வளவு ஓடித்திரிஞ்சவர்..."

மாப்பிள்ளை என்றது என்னை. நான் கதவடியில் நின்றேன். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. விதானையாரிடம் போனது அவளுக்குத் தெரியாது. "ஆர் இப்பிடி எழுதிக் குடுத்தது?" என்று அவள் கேட்டபோது, "ஆரோ. இவர் சொல்லேல்லை," என்றா அவ.

அடுத்த நாள் மச்சான் வழக்கம்போலக் கரைக்கு வந்தார். பழைய சாரம், தலையில் துவாய். ஏறிச் சுக்கானடியில் இருந்து முன்பாயை இழுத்தார். நான் முன்மரத்தில் இருந்தேன். இப்படியே அந்தச் சோளகம் முழுவதும் ஓடினோம். ஒரு ஆளின் வேலை, இரண்டு பேர். அவர் செய்ய, நான் இருந்தேன். என் இடத்தை யாரும் எடுக்கவில்லை. எடுக்க நினைத்தவரும் இல்லை. அதிலே இருந்து அலையைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாமல் போனது. அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ என்பதுதான் இப்போது என் ஐமிச்சம். அவர் செருமினால் தெரியும் என்று நினைப்பேன். வெற்றிலை நீட்டினால் தெரியாது என்று நினைப்பேன்.

காற்று மாறி வாடை தொடங்கும் நாட்களில் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவர் வருவதற்கு முதல் போய், தாமான்களைக் கப்பிகளிலிருந்து உருவி எடுத்து, முன்மரத்துக்கே கொண்டுவந்து, பழைய மாதிரிக் கட்டினேன். கப்பி நாலையும் கழற்றிச் சாக்கில் சுற்றி அவருடைய இருக்கையில் வைத்தேன். விண் கட்டான முன்கயிற்றை மட்டும் தொடவில்லை.

அவர் வந்தார். சாக்கைப் பார்த்தார். சுக்கானுக்குப் பக்கத்தில் வெறுமையாய் நின்ற கட்டையைப் பார்த்தார்.

"இதென்ன வேலை?"

"ரெண்டு பேர் இருக்கிறமெல்லே மச்சான். ரெண்டு பேருக்கும் வேலை இருக்கட்டும்."

சாக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டு இருந்தார். வள்ளத்தைத் தள்ளி ஏறினேன். கரையைவிட்டுக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் அவருடைய குரல் கேட்டது. கோபம் இல்லாத குரல்.

"ஓம். விதானையாற்றை புத்தகத்திலயும் ரெண்டு பேர் எண்டுதானே எழுதிக் கிடக்கு. கச்சேரியில வாசிச்சுக் காட்டினவை. கீழ கையெழுத்தும் பாத்தனான்."

முன்னால் இருக்கிறவனுக்குப் பின்னால் இருக்கிறவரின் முகம் தெரியாது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. இவ்வளவு நாளும் அவர் அதை வைத்துக்கொண்டுதான் எனக்கு வெற்றிலை நீட்டியிருக்கிறார்.

"மச்சான்..." என்று தொடங்கினேன்.

"காத்து மாறுது," என்றார். "இழு."

இழுத்தேன்.